ஆழ்கடல் தரைப் படங்களிலிருந்து வாழிட வரைபடம்: படமும் மல்டிபீமும் பொருந்தவில்லை

நெய்தல்:
மத்திய இந்தியப் பெருங்கடல் படுகை, மாங்கனீஸ் முடிச்சுகள் (உலோகம் படிந்த கட்டிகள்) கிடக்கும் பகுதி, ஆழம் 5,000 மீட்டருக்கு மேல். கேபிளில் இழுத்த கேமரா தரைக்கு 3 மீட்டர் மேலே 1 நாட் வேகத்தில் போகிறது, 10 விநாடிக்கு ஒரு படம். அளவு தெரிய 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகள் உண்டு. சிக்கல் மூன்று. மல்டிபீம் (கப்பலிலிருந்து ஒலியால் தரையின் ஆழத்தை அளக்கும் கருவி) மேடு காட்டும் இடத்தில் படத்தில் வெறும் சேறு தெரிகிறது. படங்களின் ஓரம் இருட்டாக இருப்பதால் முடிச்சுகளை எண்ணும் நிரல் தடுமாறுகிறது. ஒரே படத்தில் உயிரிகளை இருவர் எண்ணினால் இரண்டு விடை வருகிறது. எதை முதலில் சரிசெய்வது?

ஒலிமானி:
இடத்தை முதலில் பாருங்கள். அது தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். படத்துக்குக் கப்பலின் ஜி.பி.எஸ். இடத்தைக் கொடுத்திருக்கிறீர்களா? இவ்வளவு ஆழத்தில் கேமரா கப்பலுக்குப் பின்னால் பல நூறு மீட்டர் தள்ளி வரும். எதிரெதிர்த் திசையில் ஓடிய இரண்டு தடங்களை எடுத்துப் பாருங்கள். விலகல் திசையோடு சேர்ந்து திரும்பினால் காரணம் கேபிள் இழுவையாகவோ கடிகாரமாகவோ இருக்கலாம், அளவைப் பாருங்கள்: பல நூறு மீட்டர் என்றால் பெரும்பாலும் கேபிள் இழுவை, சில பத்து மீட்டர் என்றால் கடிகாரமாக இருக்கலாம். கேமரா கடிகாரம் 20 விநாடி பிசகினாலே 10 மீட்டர் போய்விடும். இறக்கும் முன்பும் ஏற்றிய பின்பும் ஜி.பி.எஸ். நேரத்தை ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தச் சந்தேகமே வராது.

யு.எஸ்.பி.எல். (கேமராவின் இடத்தை ஒலியால் கப்பலிலிருந்து கண்டறியும் கருவி) இருந்தால் அது தரும் இடத்தையே பயன்படுத்துங்கள். ஒலி போய்த் திரும்பவே 7 விநாடி ஆகும், நடுவே தாறுமாறான புள்ளிகளும் வரும். 2 நாட்டுக்கு மேல் வேகம் காட்டும் புள்ளிகளை நீக்கிவிட்டு மீதியைச் சீராக்குங்கள். சாய்தூரம் (கப்பலிலிருந்து கேமரா வரை நேர்க்கோட்டுத் தூரம்) 5,500 மீட்டர், பிழை 0.5 சதவீதம் என்றால் 27 மீட்டர். 1 டிகிரி மல்டிபீம் கற்றை 5,000 மீட்டரில் தரையில் 87 மீட்டர் அகலம் பிடிக்கும். அதனால் அந்தப் பிழையைத் தாங்கலாம். ஆனால் அந்த ஒரு கட்டத்துக்குள் உங்கள் படங்கள் 17 விழும் என்பதை மறக்க வேண்டாம்.

பவளக்கண்:
வெளிச்சத்துக்கு: படங்களைத் தரையிலிருந்து கேமரா இருந்த உயரப்படி அரை மீட்டர் வித்தியாசத்தில் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் சில நூறு படங்களின் பிக்சல்வாரி இடைநிலை மதிப்பை எடுத்து, அதால் ஒவ்வொரு படத்தையும் வகுங்கள். ஓர இருட்டு போய்விடும். எல்லா உயரத்தையும் ஒன்றாகக் கலந்தால் வளையம் வளையமாக நிற்கும். பனி விழுவதுபோல் வெள்ளைத் துகள்கள் தெரிந்தால் விளக்கு கேமராவுக்கு மிக அருகில் இருக்கிறது. அதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது, அடுத்த முறை விளக்கைத் தள்ளி மாட்டுங்கள்.

பரப்பளவை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். 10 செ.மீ. 160 பிக்சலாக இருந்தால், 4,000 × 3,000 படம் 4.7 சதுர மீட்டர் காட்டும். உயரம் 3-இலிருந்து 4 மீட்டரானால் பரப்பு 1.78 மடங்காகிவிடும். ஒரே பரப்பை எல்லாப் படத்துக்கும் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எண்ணிக்கை முரண்படுவது பெரும்பாலும் விதி இல்லாததால்தான். 10 மி.மீ.க்குக் குறைந்த உயிரி வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். இனம் தெரியாவிட்டால் 'கடற்பஞ்சு, தண்டுள்ளது' என்று மேல்நிலையில் நிறுத்துங்கள். ஸீனோஃபையோஃபோர் (பெரிய ஒற்றைச் செல் உயிரி) உயிரோடிருக்கிறதா என்று படத்தில் தெரியாது, அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். BIIGLE அல்லது ஸ்குவிடில் பிளஸ்ஸில் (படங்களில் உயிரிகளைக் குறிக்கும் இணைய மென்பொருள்கள்) ஒரே பெயர்ப்பட்டியலை ஏற்றி, படங்களைக் கலைத்துப் போட்டு, 200 படங்களை இருவருமே பார்த்து ஒப்பிடுங்கள். முடிச்சுக்கு இன்னொன்று: சேற்றில் பாதி புதைந்தவை மேலே சிறிதாகத் தெரியும். பாக்ஸ் கோரர் (தரையைப் பெட்டியாக வெட்டி எடுக்கும் கருவி) எடுத்த மாதிரியோடு ஒப்பிடாமல் முடிச்சின் எடையைக் கணிக்கப் போகாதீர்கள்.

நெய்தல்:
நன்றி. விலகல் திசையோடு திரும்புகிறது, அளவும் பல நூறு மீட்டர், கேபிள் இழுவைதான். மல்டிபீம் தரவிலிருந்து வாழிடத்தைக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் (இயந்திரக் கற்றல் முறை) மாதிரியில் துல்லியம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. வரைபடம் வெளியிடலாமா?

ஒலிமானி:
படங்களைக் கண்டபடி பயிற்சி, சோதனை என்று பிரித்திருந்தால் வேண்டாம். 5 மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்துப் படம் சோதனையில் இருக்கிறது, மாதிரி அதை ஏற்கெனவே பார்த்துவிட்டது என்றே சொல்லலாம். கேமரா ஓடிய ஒரு தடத்தை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள், எண் இறங்கும், அதுதான் உண்மை எண். உள்ளீடாக ஆழம், சரிவு, இரண்டு அளவில் மேடுபள்ளக் குறியீடு, எதிரொலி வலிமை போதும். பெரிய உயிரிகள் ஒரு படத்தில் ஒன்றோ பூஜ்யமோதான். தொடர்ந்து வரும் படங்களைச் சில நூறு சதுர மீட்டராகச் சேர்த்த பிறகு மாதிரிக்குக் கொடுங்கள். தடங்கள் தொடாத ஆழத்துக்கும் சரிவுக்கும் நிறம் தீட்டாமல் சாம்பலாக விடுங்கள்.

இழுவைத் தடம், உழுத தடம் தெரிந்தால் தனி வகுப்பாகக் குறியுங்கள். பெரு படுகையில் 1989-இல் சோதனைக்காக உழுத தடங்கள் 2015-இல் எடுத்த படங்களிலும் தெரிந்தன. முடிச்சு வளர்வது பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மி.மீ.தான், அதில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுக்குச் சேற்றுத் தரையில் வேறு கெட்டித் தரை அரிது.