பாதாள சாக்கடையா, மழைநீர் வடிகாலா: சின்ன ஊருக்கு எது முதலில்?

மேலவீதிக்காரன்:
எங்கள் நகராட்சியில் பாதாள சாக்கடைக்குத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஊரில் நாற்பதாயிரம் பேர். வீட்டுக்கு வீடு டெபாசிட், அப்புறம் மாதாமாதம் கட்டணம். நான் இதை எதிர்க்கிறேன். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து வடிகாலின் மூடியை நெம்பித் தூக்கினோம். பாதி ஆழத்துக்கு மண். அதன்மேல் வாழை மட்டை, டீ கப், ஒரு கிழிந்த சாக்கு. கைக்கு எட்டுகிற வடிகாலையே தூர் வாராதவர்கள், பத்தடி ஆழத்தில் புதைக்கிற குழாயைப் பராமரிப்பார்களா? முதலில் மழைநீர் வடிகால் சரியாகட்டும். கழிப்பறைக்கு செப்டிக் டேங்க் போதும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில், செப்டிக் டேங்கின் அடியில் தேங்கும் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் 2017இலேயே வந்துவிட்டது. பக்கத்து மதுராந்தகத்துக்கும் அதுதான். லாரியில் வரும் கசடைப் படுகையில் காயவைக்கிறார்கள். நமக்கும் அது போதாதா?

குளத்தங்கரை:
அண்ணா, ஒரு கேள்வி. சித்திரை வெயிலில் உங்கள் தெரு வடிகாலில் ஓடுவது என்ன தண்ணீர்? மழையா பெய்கிறது? எல்லாம் நம் குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்தான். செப்டிக் டேங்கில் வழிவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கடைசியில் எல்லாம் எங்கள் குளத்துக்கு வருகிறது. என் மாமியார் அதில்தான் குளித்து, அதிலிருந்துதான் குடத்தில் தண்ணீர் எடுத்தவர். இப்போது ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மாலை ஆனால் ஜன்னல் திறக்க முடியவில்லை. லாரி கசடைத்தான் எடுக்கும், தினமும் ஓடுகிற இந்தத் தண்ணீரை எது எடுக்கும்?

பணம்தான் தடை என்றால் ஆலந்தூரைப் பாருங்கள். அது தனி நகராட்சியாக இருந்த காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 என்று மக்களிடம் டெபாசிட் வாங்கினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் திரட்டி, 2000இல் வேலையைத் தொடங்கினார்கள். கணக்கைத் திறந்து காட்டினால் மக்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

மேலவீதிக்காரன்:
ஆலந்தூர் சென்னையை ஒட்டிய ஊர். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள், வீடுகள் நெருக்கம். நம் ஊரில் பாதி வார்டுகளில் வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிறது. குழாயில் கழிவுநீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் அழுக்கு தங்காமல் போகும். பாதிப் பேர் இணைப்பு வாங்காவிட்டால் அந்த ஓட்டமே வராது. உள்ளே படியும், அடைக்கும், சாலையில் பொங்கும். குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் மோட்டாருக்கு மின் கட்டணமும் ஆள் சம்பளமும் நகராட்சி தலையில்தான்.

டேங்கர் ஓட்டுநர்:
நான் கழிவுநீர் லாரி ஓட்டுகிறேன். செப்டிக் டேங்க் போதும் என்று சொல்பவர்கள் ஒரு நாள் என்னோடு வாருங்கள். நிறைய வீடுகளில் அது டேங்கே இல்லை, உறை இறக்கிய குழி. அடியில் தளம் கிடையாது. பக்கத்திலேயே போர்வெல். சில வீடுகளில் மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைப் பத்து வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள். அதற்குள் அடியில் கல் மாதிரி இறுகியிருக்கும், ஹோஸில் ஏறாது. ஆறடிச் சந்துக்குள் என் வண்டி நுழையவே நுழையாது. எடுத்ததைக் கொட்ட நம் பக்கத்தில் நிலையமும் இல்லை. கருங்குழி மாதிரி ஒன்று வந்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான். ஆனால் அது மட்டும் போதாது.

பழைய ஓவர்சீயர்:
நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று திட்டம் போடுவோம். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். குழாயின் அளவை இதை வைத்துத்தான் முடிவு செய்வோம். இப்போது அதே வீட்டின் ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். ஒன்றே முக்கால் நாள் கழிவு அரை மணி நேரத்தில் இறங்குகிறது. தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் மாடிக் குழாயைச் சாக்கடைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் சின்னத் தொட்டியில், செருகிவிட்டால் போதும், மேன்ஹோல் மூடி எழும்பிவிடும். எழும்பி நான் பார்த்திருக்கிறேன். இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புத் தண்ணீர் ஒரு வீட்டு வாசற்படி ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் எது முதலில் என்ற கேள்வியே தவறு. மழைநீரையும் கழிவுநீரையும் பிரிப்பதுதான் வேலை. சென்னையில் கழிவுநீர் ஒரு வாரியத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். சின்ன ஊரில் இரண்டும் ஒரே பொறியாளரின் மேசையில் இருக்கிறது. நமக்கு இருக்கிற பெரிய வசதி அது. பயன்படுத்தாமல் விடுகிறோம்.

இன்னொன்று. அடைத்த குழாய்க்குள் யாரையும் இறக்கக் கூடாது. மனிதர்களை வைத்துக் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் இருக்கிறது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கும்பகோணம் நகராட்சியாக இருந்தபோதே ரோபோவை வைத்து அடைப்பு எடுத்தது. மதிப்பீட்டில் குழாய் மட்டும் இருந்து இயந்திரம் இல்லையென்றால், அந்த மதிப்பீட்டை நான் எதிர்ப்பேன்.

குளத்தங்கரை:
ஐயா, எங்கள் வீட்டு மாடிக் குழாயும் சேம்பரில்தான் இறங்குகிறது. இன்றுதான் போய்ப் பார்த்தேன். வீடு கட்டும்போது மேஸ்திரி அப்படி வைத்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை. நாளை ஆள் வருகிறார், கிணற்றுப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.

மேலவீதிக்காரன்:
ஓவர்சீயர் ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். டெபாசிட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. எந்த வார்டு நெருக்கமோ அங்கே குழாய், தென்னந்தோப்பு வார்டுகளுக்கு லாரியும் கசடு நிலையமும் என்று பிரித்துத் திட்டம் போட்டால் நானே முதலில் பணம் கட்டுவேன். ஊர் முழுக்க ஒரே குழாய் என்றால் கட்ட மாட்டேன். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.

குளத்தங்கரை:
குளத்துக்குள் விழுகிற நாலு வடிகால் வாயையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள் அண்ணா. நானும் வருகிறேன்.