சயாமுக்குப் போனவருக்கு எந்தத் திதி?

குழு: ஆயர் ஈத்தாம் குடும்பம்
ஆடி அமாவாசைக்கு முதல் நாள், இரவு

மகள் (8.02): பெரிய தாத்தா, வணக்கம். வரலாற்றுப் பாடத்திற்காக எங்கள் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியின் முதல் கணவர் என்று அம்மா ஒருவரைச் சொன்னார். அவர் இறந்த ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் என்ன எழுதுவது?

பெரியப்பா (8.15): கண்ணு, "1943இல் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்" என்று எழுது. சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அதற்கு மேல் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை.

தம்பி, கோலாலம்பூர் (8.21): பெரியப்பா, எனக்கும் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. கெடாவில் ஏதோ ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவருக்கும் ஜப்பானின் போருக்கும் என்ன தொடர்பு?

பெரியப்பா (8.44): அந்த மரத்துக்கும் போருக்கும்தான் தொடர்பு, தம்பி. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஜப்பானின் பட்டு ஏற்றுமதி சரிந்தது. கிராமங்கள் வறுமையில் ஆழ்ந்தன. வேற்று நிலத்தைக் கைப்பற்றினால்தான் பிழைக்கமுடியும் என்று சொன்ன இராணுவத்தினரின் கை அங்கே ஓங்கியது. 1931இல் மஞ்சூரியாவைப் பிடித்தார்கள், 1937இல் சீனாவோடு முழுப்போரில் இறங்கினார்கள். 1941 ஜூலையில் அவர்கள் தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெய் கிடைக்காதபடி கதவை அடைத்தது. எண்ணெய் டச்சுக்காரர்களின் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், இருந்தது. அதற்குப் போகும் வழியில் ரப்பரும் வெள்ளீயமும் விளைந்த மலாயா இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி அவர்கள் கோத்தா பாருவில் கரையிறங்கியபோது அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் இன்னும் குண்டு விழுந்திருக்கவில்லை. ஆனால் நம் மக்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்து அந்த மரத்தடியில் நிறுத்தியவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

நான் (8.50): பினாங்கை ஆங்கிலேயர்கள் கைவிட்டுச் சென்றதையும் இவளுக்குச் சொல்லுங்கள், பெரியப்பா.

பெரியப்பா (9.03): டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கின் ஜார்ஜ் டவுன்மீது ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, இதற்கு முன் குண்டுவீச்சைப் பார்த்தறியாத மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், அப்படி நின்றவர்களில் பலர் மாண்டார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு ஊரை அப்படியே விட்டுப்போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் செய்தவர், இங்கே செய்தித்தாள் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து. வெள்ளைக்காரத் துரை காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை அந்த வாரத்தோடு போயிற்று. போர் முடிந்து துரை திரும்பி வந்தபிறகும் அது மீளவில்லை.

மகள் (9.07): கொள்ளுத்தாத்தாவை ஏன் சயாமுக்குக் கொண்டுபோனார்கள்?

பெரியப்பா (9.20): 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்றது, பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாயிற்று. அதனால் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளத்தைக் காட்டையும் மலையையும் வெட்டி ஓராண்டு சொச்சத்தில் போட்டார்கள். 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளோடு அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கி, அரிசியும் அற்றுப்போய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தவர்களிடம் "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி" என்றார்கள். வெள்ளி என்பது டாலர். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943இன் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது.

அத்தை, பட்டர்வொர்த் (9.38): நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு அப்போது ஒரு வயது. அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. போர் முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். ஒருவர் அப்பா காலராவில் போய்விட்டார் என்றார். இன்னொருவர் பர்மாப் பக்கம் உயிரோடு பார்த்ததாகச் சொன்னார். ஆகவே அம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, நல்ல காரியங்களுக்குப் போகவும் இல்லை. ஐந்து வருடம் அவள் சுமங்கலியா, விதவையா என்று லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பெண்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் லயத்தில் அப்படி இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

பெரியப்பா (9.52): அக்கா, நீங்கள் இதை எழுத ஒப்புக்கொண்டதால் நானும் சொல்கிறேன். 1948இல் அம்மாவை மணந்துகொண்ட என் அப்பாவும் சயாமிலிருந்து திரும்பியவர்தான். வந்து பார்த்தபோது அவருடைய முதல் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பசியிலும் காய்ச்சலிலும் இறந்துபோயிருந்தார்கள். அங்கே பட்டதை அவர் ஒரு நாளும் எங்களிடம் பேசியதில்லை. ஆனால் இறந்த நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று கேட்டறிந்து, அம்மாவின் முதல் கணவருக்கு ஆடி அமாவாசைத் திதியைத் தொடங்கிவைத்தவர் அவரே. ஆண்டுதோறும் நான் யாருக்காக எள்ளும் தண்ணீரும் விடுகிறேன் என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் "பெரியவர்களுக்கு" என்றுதான் சொல்லிவந்தேன்.

நான் (9.55): பெரியப்பா, இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு இது தெரியாமல் போயிற்றே.

தம்பி, கோலாலம்பூர் (10.06): அந்தத் தண்டவாளம் போன தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். அங்கே ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசைகளில் நம் தொழிலாளர்கள் இல்லை.

பெரியப்பா (10.19): கைதிகளுக்குப் பட்டாளத்தின் பெயர்ப்பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி எவரும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் இறந்தவர்களின் கணக்கு இன்றுவரை நூலுக்கு நூல் மாறுகிறது. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள பொருளுதவி அளிக்க ஒப்புக்கொண்டது. அதில் ஒரு காசுகூட அம்மாவின் கைக்கு வரவில்லை.

அத்தை, பட்டர்வொர்த் (10.27): இதையும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். சண்டைக்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆட்கள் பழையபடி இல்லை என்று அம்மா சொல்வாள். நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்பிய பெண்கள் துரையைக் கண்டால் ஒதுங்கி நிற்கவில்லையாம். கெடாவில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை மூடச் சொன்னது 1946, 1947இல். எங்கள் லயத்தில் அதற்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் சயாமில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள்.

மகள் (10.33): பாட்டி, உங்கள் அப்பாவின் பெயரை நான் கொடிவழியில் சரியாக எழுதவேண்டும். எனக்குத் தனியாக அனுப்புவீர்களா? நாளைக்கு நானும் கடற்கரைக்கு வரலாமா?

பெரியப்பா (10.36): காலை ஐந்தரைக்கு வாசலில் நில்லுங்கள், கண்ணு. போகும் வழியில் பாலத்தைத் தாண்டிப் பாட்டியையும் ஏற்றிக்கொள்கிறோம். நாளைக்கு அவர் பெயரை உரக்கச் சொல்லித்தான் எள் இறைக்கப்போகிறேன்.