9 குடும்பங்கள், 4 வகை வாக்கி-டாக்கி: பாதிப் பேருக்குப் பாதிப் பேர் பேசுவது கேட்கவில்லை

கார்முகில் எழுதியது:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 9 குடும்பங்கள் சேர்ந்து ஓர் அவசரகாலக் குழு அமைத்திருக்கிறோம். மின்சாரமும் அலைபேசிக் கோபுரங்களும் ஒருசேர நின்றுபோனால் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி வேண்டும் என்று தீர்மானித்தோம். ஆனால் எந்தக் கருவி என்பதை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். விளைவாக, 4 வகையில் 14 கருவிகள் சேர்ந்துவிட்டன. அனைத்தையும் ஒரே அலைவெண்ணில் வைத்துச் சென்ற வாரம் எங்கள் முதலாவது ஒத்திகையை நடத்தினோம்.

இரண்டு குடும்பங்களுக்கு எங்கள் பேச்சு முழுவதும் கேட்டது, அவர்கள் பேசியதோ எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னொரு குடும்பத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது, நாங்கள் பேசினால் அவர்களுக்குக் கரகரவென்று உடைந்து கேட்டதாம். நான்காவது குடும்பம் பேசும் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல் வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

இவற்றை ஒதுக்கிவிட்டு, அதிக வாட் திறன் கொண்ட ஒரே வகைக் கருவியை மொத்தமாக வாங்கிவிடலாமா? பொதுப் பணம் என்பதால் இரண்டாம் முறை தவறக் கூடாது.

தாமிரக்கம்பி எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட வாட் திறனைச் சார்ந்தது அல்ல. ஒரே ஒரு கேள்வி: அந்த இயந்திர இரைச்சலைக் கேட்டவர்கள் எந்தெந்தக் குடும்பத்தினர்?

கார்முகில் எழுதியது:

விசாரித்துவிட்டேன். முதலில் சொன்ன அந்த இரண்டு குடும்பங்களுக்கு மட்டுமே கேட்டிருக்கிறது.

தாமிரக்கம்பி எழுதியது:

எதிர்பார்த்தேன். அந்த ஒரு தகவலிலேயே இரண்டு முடிச்சுகள் அவிழ்கின்றன.

உங்களில் பெரும்பாலோரின் கருவிகளில் "டோன்" இயங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சோடு கூடவே 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி ஒன்றை அனுப்பி, அதே ஒலி வந்தால் மட்டுமே ஸ்பீக்கரைத் திறக்கும் ஏற்பாடு அது. பெட்டியில் "தனிமைக் குறியீடு" என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அது பிறர் கேட்பதைத் தடுக்காது, பிறர் பேசுவது உங்கள் காதில் விழாமல் செய்வது மட்டுமே அதன் வேலை. அந்த இரண்டு குடும்பங்களின் கருவிகளில் டோன் அணைந்திருக்கிறது. ஆகவே அவர்களுக்கு எல்லாம் கேட்கிறது, டோன் இல்லாத அவர்கள் பேச்சுக்கு உங்கள் ஸ்பீக்கர்கள் திறப்பதில்லை. நான்காவது குடும்பத்தின் கருவி பெரும்பாலும் டிஜிட்டல் முறையில் பேசுகிறது. டிஜிட்டல் அலை சாதாரண எஃப்எம் (அனலாக்) கருவியில் இரைச்சலாகத்தான் வரும், அதையும் டோன் அணைந்த கருவிகள் மட்டுமே வெளியே விடும். கிணற்றுக் குரலுக்குக் காரணம் அலை அகலம், அதாவது ஒரு பேச்சுக்காகக் கருவி எடுத்துக்கொள்ளும் அலைவெண் இடம்: ஒரு கருவி 12.5 கிலோஹெர்ட்ஸிலும் மற்றவை 25 கிலோஹெர்ட்ஸிலும் இருந்தால் ஒரு பக்கம் மெலியும், மறுபக்கம் உடையும்.

எல்லாக் கருவிகளிலும் டோனை அணையுங்கள், அகலத்தை ஒன்றாக்குங்கள், டிஜிட்டல் கருவியில் அனலாக் முறை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் டோன் தேவைப்பட்டால், குறியீட்டு எண்ணை நம்பாமல் ஹெர்ட்ஸ் மதிப்பை ஒப்பிட்டு வையுங்கள், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் 12ஆம் எண்ணும் வேறொரு நிறுவனத்தின் 12ஆம் எண்ணும் ஒரே ஒலியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சானல் எண்ணும் அப்படித்தான், மெகாஹெர்ட்ஸ் மதிப்பே சாட்சி.

மின்னல்கொடி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? 10 வாட் கைக்கருவிகள் கிடைக்கின்றன. பெட்டியிலேயே 30 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். மொத்தமாக வாங்கிவிட்டால் தொல்லை ஒழிந்தது.

தாமிரக்கம்பி எழுதியது:

நண்பரே, அந்த 30 கிலோமீட்டர் ஒரு மலையுச்சியிலிருந்து இன்னொரு மலையுச்சிக்கு வேண்டுமானால் பொருந்தும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானலையின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கருவிக்கு அது சுமார் 5 கிலோமீட்டர். இருவரும் வெட்டவெளியில் நின்றாலே மொத்தம் 10தான். நடுவில் கட்டடங்கள் வந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால் திறன் பத்து மடங்கு, ஆனால் நெருக்கமான கட்டடங்களுக்கிடையே எட்டும் தூரம் பொதுவாக இரு மடங்குகூட ஆவதில்லை. அதே ஆள் 10 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் தொடுவானம் 13 கிலோமீட்டருக்கு விரிகிறது, அதற்குச் செலவும் இல்லை.

நீலவிளக்கு எழுதியது:

சட்டத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள், இதில் பலர் கவனமின்றி மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படுத்தும் 446 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு அரை வாட்தான் வரம்பு, ஆன்டெனாவையும் கழற்றி மாற்றக் கூடாது. ஆஸ்திரேலியாவின் 477 மெகாஹெர்ட்ஸ் பொதுச் சானல்களில் 5 வாட் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் ஜிஎம்ஆர்எஸ் என்னும் வாக்கி-டாக்கி சேவைக்கு ஒருவர் உரிமம் பெற்றால் அவருடைய குடும்பத்தினரும் அதன்கீழ்ப் பேசலாம். ஆகவே ஒரு நாட்டில் முறையான கருவி இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். உங்கள் நாட்டு விதியைப் படித்த பிறகே அலைவெண்ணைத் தீர்மானியுங்கள்.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலியாளருக்கான உரிமம் சிறந்ததுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது தேர்வெழுதிய தனிநபருக்குரியது. வீட்டில் ஒருவர் தேர்ச்சி பெற்றுவிட்டால் பாட்டியும் பேரனும் அந்த அலைவரிசையில் தாமாகப் பேசலாம் என்று எண்ணிவிட வேண்டாம். குழுவில் இருவர் ஹாம் உரிமம் பெற்று வெளியுலகத் தொடர்பைக் கவனிக்கட்டும், வீடுகளுக்கிடையிலான பேச்சு உரிமம் வேண்டாத கருவிகளில் நடக்கட்டும் என்பது என் யோசனை.

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று 14 கருவிகளையும் ஒரே மேசையில் பரப்பிச் சரிபார்த்தோம். டோனை அணைத்ததும் முதல் இரண்டு குடும்பங்களின் குரல் கேட்டது. அலை அகலத்தை மாற்றியதும் கிணற்றுக் குரலும் சரியாகிவிட்டது. டிஜிட்டல் கருவிகள் இரண்டில் அனலாக் முறையே இல்லை, அவற்றுக்குப் பதிலாக மட்டும் வாங்க வேண்டும். எங்கள் நாட்டு விதியையும் படித்தோம், கையிலிருக்கும் மற்றவை வரம்புக்குள்தான் இருக்கின்றன.

அந்த இரண்டையும் மாற்றுவதற்கும், இனிச் சேரும் குடும்பங்களுக்கும் எதை அடிப்படையாக வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தாமிரக்கம்பி எழுதியது:

உங்களிடம் ஏற்கெனவே அதிக எண்ணிக்கையில் இருக்கும் வகையையே வாங்குங்கள். அதைவிட நல்ல கருவி சந்தையில் இருக்கலாம், இருந்தாலும் வேண்டாம். ஒரு வீட்டு பேட்டரி இன்னொரு வீட்டுக் கருவியில் பொருந்துவதும், ஒருவர் கற்றுக்கொண்டதை ஒன்பது வீட்டுக்கும் சொல்லித்தர முடிவதும் கூடுதல் வாட்டைவிட நெருக்கடியில் உதவும்.

வாங்குமுன் கருவியைக் குழுவிலேயே தொழில்நுட்பத்துக்கு மிகவும் தூரமானவர் கையில் கொடுத்து, விளக்கம் ஏதும் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள். 40 அமைப்புகள் கொண்ட மெனு உங்களையும் என்னையும் கவரலாம், இருட்டில் நடுங்கும் விரல்களுக்கு அது பகை. மூன்று சானல்கள் மட்டும் தெரியும்படி வைத்து, விசைப்பூட்டைப் போட்டுவிடுங்கள். குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும் வசதி இருந்தால் அணையுங்கள். தொடர்ந்து 60 வினாடிக்கு மேல் ஒலிபரப்பாதபடி நேர வரம்பும் வையுங்கள், ஒரு பையன் சட்டைப்பையில் பொத்தான் அழுந்தியபடி கிடந்து எங்கள் குழு முழுவதையும் அரை மணி நேரம் ஊமையாக்கியதைப் பார்த்தவன் நான்.

நீலவிளக்கு எழுதியது:

பேட்டரி பற்றியும் ஒன்று. ஏஏ அளவுக் கலங்களில் ஓடும் கருவி சற்றுக் கனமானாலும், மின்சாரம் இல்லாதபோது கலத்தை மாற்றிக்கொண்டே போகலாம். ஆல்கலைன் கலங்களைக் கருவிக்குள் போட்டுவைத்து மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும். லித்தியம் பேட்டரி என்றால் யுஎஸ்பி வழியே பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஆகும் வகையைத் தேடுங்கள், மேசைத் தொட்டிலில் வைத்தால்தான் சார்ஜ் ஆகும் என்ற கருவி மின்வெட்டில் உதவாது. லித்தியம் பேட்டரி பாதி சார்ஜில்தான் நெடுநாள் உழைக்கும், அவசரத்துக்கோ முழு சார்ஜ் வேண்டும். நான் கருவியிலிருப்பதை முழுமையாகவும் உபரி பேட்டரியைப் பாதியிலும் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன்.

கார்முகில் எழுதியது:

கடைசி ஐயம். ஒரு குடும்பத்தின் வீடு தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறது. எல்லாம் சரியான பிறகும் அங்கிருந்து எதிர்க் கட்டடத்துக்குக் கேட்பதில்லை. அவர்களுக்கு மட்டும் வேறு கருவி தரலாமா?

தாமிரக்கம்பி எழுதியது:

வேண்டாம். கம்பி பாவிய கான்கிரீட்டுக்கு முன்னால் எந்தக் கைக்கருவியும் தடுமாறும். அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவரை அஞ்சல்காரராக நியமியுங்கள்: கீழே சொல்வதை அவர் கேட்டு, சொல் மாறாமல் எதிர்க் கட்டடத்துக்குத் திருப்பிச் சொல்லட்டும். நேரமும் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் கேட்டிருந்தால் பேட்டரியும் மிஞ்சும், கீழ்த்தளத்துக்காரரும் அந்த ஐந்து நிமிடத்துக்குப் படியேறி வாசலுக்கு வந்துவிடலாம். பொத்தானை அழுத்தி ஒரு வினாடி கழித்தே பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். "வேண்டாம்" என்பதில் முதல் எழுத்துப் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

கார்முகில் எழுதியது:

மேல்மாடியில் இருப்பவர் காது சற்று மந்தமானவர். அவருடைய மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஞாயிறன்று ஒத்திகை முடிந்ததும் எழுதுகிறேன்.