டாக்குமென்டரி பிளான்: ட்ரோன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்துடுங்க

எல்லாருக்கும் வணக்கம்,

ஊரப் பத்தி டாக்குமென்டரி எடுக்கறோம்னு ஓடிட்டு இருக்கற மடல் எல்லாத்தையும் இப்பதான் ஒரே மூச்சா படிச்சு முடிச்சேன். துபாய் மாமா ட்ரோன் கொட்டேஷன் வரைக்கும் போயிட்டாரு, சிங்கப்பூர் தம்பிங்க கேமராவ வாடகைக்கு எடுக்கறதா சொந்தமா வாங்கறதான்னு தனி ட்ராக்ல சண்டை போட்டுட்டு இருக்காங்க. நடக்கட்டும். அதுக்கு நடுவுல ஒரு படத்த மட்டும் எல்லாரும் பாத்துடுங்க. இங்கிலீஷ்ல 'ஃபேசஸ் பிளேசஸ்', ஃபிரெஞ்சுல 'விசாஜ் வில்லாஜ்'. 2017 கான் திரைப்பட விழாவுல வந்து டாக்குமென்டரிக்கான 'கோல்டன் ஐ' விருது வாங்குன படம், அடுத்த வருஷம் ஆஸ்கர் நாமினேஷனும் கிடைச்சுச்சு. ஒன்றரை மணி நேரந்தான்.

எடுத்தது ரெண்டு பேர். ஒருத்தங்க ஆக்னஸ் வர்தா, 1928ல பொறந்தவங்க, முதல் படத்தையே தெற்கு ஃபிரான்ஸ்ல செத் ஊரு மீனவர் குடியிருப்புல போய் அந்த சனங்களையும் நடிக்க வச்சு எடுத்தவங்க, அது 1950கள்ல. இன்னொருத்தர் ஜே.ஆர்., 1983ல பொறந்தவரு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழட்டாத ஆளு, மனுஷங்க மூஞ்சிய கறுப்பு வெள்ளைல பிரம்மாண்டமா பிரின்ட் போட்டு சுவத்துல ஒட்டறது தொழில். ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் 55 வருஷம். வெளிய கேமரா மாதிரியே பெயின்ட் அடிச்ச வேன் ஒண்ணு, உள்ள போட்டோ பூத், போய் உக்காந்தா பக்கவாட்டுல போஸ்டர் சைஸ்ல உங்க மூஞ்சி வந்து விழும். அத எடுத்துக்கிட்டு கிராமம் கிராமமா, சின்ன சின்ன ஊரா சுத்தறாங்க, அவ்வளவுதான் கதை.

வடக்கு ஃபிரான்ஸ்ல புருவே-லா-புயிசியேர்னு ஒரு ஊரு, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. தொழிலாளிங்களுக்குக் கட்டுன செங்கல் லைன் வீடுங்க இடிக்கறதுக்குக் காத்திருக்கு, எல்லாரும் காலி பண்ணிட்டாங்க, ஒரே ஒரு அம்மா மட்டும் போக மாட்டேன்னு உக்காந்திருக்காங்க, சுரங்கத் தொழிலாளியோட மக. அவங்ககிட்ட இவங்க பேச ஆரம்பிச்சா அப்பா ஞாபகம்தான் வருது. சுரங்கத்துக்கு எடுத்துட்டுப் போன ரொட்டில ஒரு துண்ட மிச்சம் வச்சு வீட்டுக்குக் கொண்டு வருவாராம், புள்ளைங்க அதுக்குப் போட்டி போடுமாம். உடனே இவங்க என்ன பண்றாங்கன்னா, ஊர் சனத்த வேன்ல ஏத்தி, ஆளுக்கு ஒரு நீள ரொட்டியக் கடிக்கற மாதிரி போட்டோ எடுத்து, வரிசையா சுவத்துல ஒட்டறாங்க, பாத்தா ஊரே சேந்து ஒரே ரொட்டியக் கடிக்கற மாதிரி இருக்கு. அப்புறம் பழைய சுரங்கத் தொழிலாளிங்க போட்டோவ அந்தக் காலி வீடுங்க மேல பெருசு பண்ணி ஒட்டி, அந்தம்மா மூஞ்சிய அவங்க வீட்டு முகப்புலயே ஒட்டி, அவங்கள வெளிய கூப்பிட்டுக் காட்டறாங்க. அந்தம்மாவுக்கு பேச்சே வரல. எனக்கும் அந்த எடத்துல போனப் பாக்கத் தோணல, என்னப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

நம்ம பக்கம் யோசிச்சுப் பாருங்க. பெரிய சைஸ்ல மூஞ்சி வரணும்னா ஒண்ணு கட்சில இருக்கணும், இல்ல கல்யாணம் காதுகுத்து இருக்கணும், அதுவும் இல்லன்னா செத்துருக்கணும். வயல்ல வேல செஞ்சுட்டு இருக்கற ஆளுக்கு உயிரோட இருக்கறப்பவே ஒரு பேனர் வச்சு யாராச்சும் பாத்திருக்கோமா?

அந்தப் படத்துல ஷெரான்ஸ்னு ஒரு எடத்துல ஒரு விவசாயி வராரு, 800 ஹெக்டேர் நிலத்த ஒத்த ஆளா பாக்கறாரு, முன்ன கூட ஆளுங்க இருந்தாங்க, இப்ப டிராக்டர்ல கம்ப்யூட்டர், நான் சும்மா பயணிதான்னு சிரிச்சுட்டே சொல்றாரு. அவர அப்படியே தானியக் கொட்டகை மேல முழு உருவமா நிக்க வச்சுடறாங்க. ஆசிட் ஃபேக்டரில ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க ஒண்ணா நிக்கவே வாய்ப்பு இல்ல, ரெண்டு கும்பலையும் தனித்தனியா கையத் தூக்கி நீட்டச் சொல்லி எடுத்து பக்கத்துல பக்கத்துல ஒட்டிட்டாங்க. லெ ஆவ்ர் துறைமுகத்துல தொழிலாளிங்கள விட்டுட்டு அவங்க பொண்டாட்டிங்க மூணு பேர கன்டெய்னர் அடுக்கு மேல கோபுர உயரத்துக்கு ஏத்துனது வர்தாவோட குசும்புன்னுதான் நான் நினைக்கறேன்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, நம்ம பிளான்ல இளைஞர் டீம் போகும், பெருசுங்கள உக்கார வச்சு பேட்டி எடுக்கும், பாட்டு பாடச் சொல்லும், வந்துரும்னு இருக்கு. அதுல பெருசுங்க வெறும் சரக்கு. இந்தப் படத்துல பெருசு சரக்கு இல்ல, பாதி டைரக்டர். எந்த போட்டோ, எந்த சுவர், யார ஏத்தறதுன்னு ரெண்டு பேரும் பேசறாங்க, முரண்டு பிடிக்கறாங்க. நார்மண்டி கடற்கரைல குன்று மேலருந்து உருண்டு விழுந்த ஜெர்மன் பங்கர் (ராணுவப் பதுங்குமிடம்) ஒண்ணு மணல்ல தலைகீழா நிக்குது, அந்த எடத்தச் சொன்னது ஜே.ஆர். அதுல ஒட்டுனது வர்தா 1954ல எடுத்த போட்டோ, அவங்களோட நண்பர், கீ பூர்தான்னு பின்னாடி பெரிய ஃபேஷன் போட்டோகிராஃபர் ஆனவரு, சின்ன வயசுல சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கற படம். அத அப்படியே சாய்ச்சு ஒட்டுனதும் தொட்டில்ல படுத்திருக்கற மாதிரி ஆயிடுச்சு. அலை ஏறறதுக்குள்ள முடிக்கணும்னு சாரம் கட்டி ஓட்டமா ஓடி ஒட்டறாங்க. மறுநாள் காலைல போய்ப் பாத்தா ஒரு துண்டு காகிதம் இல்ல, கடல் மொத்தத்தையும் துடைச்சுட்டுப் போயிடுச்சு. எடம் சின்னவரோடது, படம் பெரியவங்களோடது, ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் அந்த சீன் இல்ல.

வர்தாவுக்கு அப்ப கண்ணு சரியாத் தெரியாது, ஊசி போட்டுக்கறதக்கூட படத்துல காட்டறாங்க, மங்கலாத்தான் தெரியும். அந்தக் கண்ணையும் கால் விரலையும் ஜே.ஆர். பெருசாக்கி சரக்கு ரயில் டேங்கர் மேல ஒட்டி அனுப்பிடறாரு, அவங்க போக முடியாத ஊருக்கெல்லாம் அது போகட்டும்னு. இவங்க பதிலுக்கு படம் பூரா 'அந்தக் கண்ணாடியக் கழட்டேன்டா'ன்னு தொணதொணத்துட்டே இருக்காங்க. கடைசில வர்தாவோட பழைய சிநேகிதர், டைரக்டர் கோதார் வீட்டத் தேடிப் போற பகுதி மட்டும் எனக்கு ஒட்டல, சினிமா பைத்தியங்களுக்குப் பிடிக்கும், நம்ம விஷயத்துக்கு அது வேணாம்.

இன்னொரு சீன் கண்டிப்பா கமிட்டி அக்காமாருங்க பாக்கணும். பொனியோன்னு மலைக் கிராமம், அங்க கஃபேல வேல பாக்கற பொண்ணக் குடை பிடிச்சு உக்கார வச்சு பெரிய சுவத்துல ஒட்டிட்டாங்க, டூரிஸ்ட் எல்லாம் வந்து செல்ஃபி எடுக்கறான், அவங்க சொந்தப் புள்ளைங்களே அம்மா படத்துக் காலக் கிச்சுக்கிச்சு மூட்டுதுங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு அது சங்கடமா இருக்கு, கூச்ச சுபாவம், இவ்வளவு பெருசா வரும்னு எதிர்பாக்கல. அத வெட்டி எறியாம படத்துலயே வச்சிருக்காங்க, அதுக்காகவே எனக்கு மரியாதை. நம்ம ஊர்ப் பொம்பளைங்க மூஞ்சி யூடியூப்ல போகப் போகுது, யாரு பாப்பாங்க, கீழ என்ன கமென்ட் வரும்னு எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் எடுக்கணும், எடுத்தப்பறம் புடிக்கலன்னா தூக்கிடணும். இத தீர்மானமாவே எழுதுங்க.

என் யோசனை இதான், திட்டறவங்க திட்டலாம். கூத்து வாத்தியார பேட்டி எடுக்க வேணாம், அவரோட ஒரு பொடியன சேத்துவிட்டு ரெண்டு பேரும் சேந்து என்ன எடுக்கணும்னு முடிவு பண்ணட்டும். சுவர் விளம்பரம் எழுதிட்டு இருந்து ஃப்ளெக்ஸ் வந்தப்பறம் வேலயில்லாமப் போன பெயின்டர் பெரியப்பாவையும் கூப்பிடுங்க, மூஞ்சி வரையறதுல அவரு கைய மிஞ்ச ஆள் இல்ல. காகிதம், பசை, ஏணி போதும், மழை வந்தா தானா போயிடும், ஃப்ளெக்ஸ் மாதிரி வருஷக்கணக்கா கிழிஞ்சு தொங்காது. சுவத்துக்காரங்ககிட்ட மட்டும் முன்கூட்டியே கேட்டுடுங்க, பங்காளிச் சண்டைல இருக்கற சுவர் பக்கம் போயிடாதீங்க, எதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஞாயித்துக்கிழமை ஜூம் மீட்டிங்குக்கு முன்னாடி பாத்துட்டு வாங்க, இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு, வீட்டு வாண்டுங்களையும் பக்கத்துல உக்கார வைங்க. மாமா, ட்ரோன் அட்வான்ஸ மட்டும் அதுவரைக்கும் அனுப்பிடாதீங்க.