பழைய சிபி ஆண்டெனாவை 28 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருவது: இன்னும் வெட்டவா, நிறுத்தவா?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். உரக்கடை வைத்திருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எதற்காக எடுத்தேன் என்று சொன்னால்தான் எனக்கு என்ன தேவை என்பது உங்களுக்குப் பிடிபடும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறியது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது வேதாரண்யத்தில். போன் இல்லை, கரண்டு இல்லை, ரோடு முழுக்க மரமும் போஸ்ட்டும். மூன்றாம் நாள் மச்சான் சைக்கிளில் வந்து வாசலில் நின்ற பிறகுதான் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த மூன்று நாளும் அம்மா கஞ்சிகூட குடிக்கவில்லை. அப்படி ஒரு மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு இன்னொரு தடவை வரக் கூடாது.

இப்போது அக்கா மகனும் லைசென்ஸ் எடுத்துவிட்டான். அவன் வீட்டு மொட்டைமாடியில் 10 மீட்டர் பேண்டுக்கு (28 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) செங்குத்து ஆண்டெனா நிற்கிறது. என் பக்கம், லோடு ஏற்றும் பிக்கப் வண்டியில் செட் வைத்திருக்கிறேன். ஆண்டெனாதான் சிக்கல். தெரிந்தவர் ஒருவரிடம் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் பேசுகிற சிட்டிசன் பேண்ட்) விப் ஆண்டெனா வாங்கினேன். அடியில் காயில், மேலே நாலடிக்குக் கம்பி. கேபின் மேலே இருக்கிற கேரியரில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். வெட்டினால் 28.4-க்கு வந்துவிடும் என்றார்கள்.

மீட்டர் காட்டியது: 28.0-ல் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய பவர் ஆண்டெனாவுக்குள் போகாமல் திரும்புவதைக் காட்டும் அளவு; 1 என்றால் திரும்புவதே இல்லை) 2.6, 28.4-ல் 2.8, 28.9-ல் 3. ஒரு செ.மீ. வெட்டினேன், பார்த்தேன். இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்று செ.மீ. போய்விட்டது, ஊசியில் பெரிய மாற்றமே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: செட்டுக்குப் பின்னால் கேபிளைக் கையில் பிடித்தால் 2-க்கு இறங்குகிறது, விட்டால் ஏறுகிறது. வேதாரண்யத்திலிருந்து திரும்பும்போது வாய்மேடு தாண்டினால் மருமகனுக்கு நான் பேசுவது கேட்கவே இல்லை.

கம்பியை ஒட்ட முடியாது. அதனால்தான் கேட்கிறேன். இன்னும் வெட்டலாமா?

---

குடமுருட்டி:

அண்ணே, ஒரு டியூனர் (செட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் பொருத்தம் பண்ற பெட்டி) வாங்கி நடுவில் வையுங்க. ஊசி 1-க்கு வந்துடும். கம்பியைத் தொடவே வேணாம்.

---

பாமணி (மன்னார்குடி):

தம்பி, கட்டிங் பிளையரைக் கீழே வையுங்கள். இன்னும் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட வேண்டாம்.

நான் 31 வருஷம் வயர்லெஸ் செட்டோடு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் பதில் இருக்கிறது: கேபிளைக் கையில் பிடித்தால் ரீடிங் மாறுகிறது என்றீர்களே, அதுதான். ஆண்டெனா என்பது மேலே நிற்கிற கம்பி மட்டும் இல்லை. அதில் பாதி உங்கள் வண்டியின் தகரம். கம்பியில் ஓடுகிற கரண்டுக்கு ஈடாக பாடியில் கரண்டு ஓடியாக வேண்டும். பாடிக்குப் போக வழி இல்லை என்றால் அது கோஆக்ஸின் (ஆண்டெனா கேபிளின்) வெளிப்பின்னல் மேலேயே இறங்கி செட் வரைக்கும் வந்துவிடும். உங்கள் கேபிளே ஆண்டெனாவின் ஒரு காலாக நின்றுகொண்டிருக்கிறது. கை பட்டதும் அது நிலை மாறுகிறது. அந்த நிலையில் மேலே எவ்வளவு வெட்டினாலும் ஊசி உங்களுக்கு உண்மை சொல்லாது.

கேரியர் பெயிண்ட் அடித்ததா? கேபினில் உட்காருகிற இடத்தில் ரப்பர் வைத்திருக்கிறார்களா? மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை ஆண்டெனா மவுண்டின் கீழ் உலோகத்திலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோஆக்ஸின் நடு ஊசிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையில் வைத்தால் சில சிபி ஆண்டெனாவில் நேராக ஷார்ட் காட்டும். காயிலின் அடி எர்த்தில் சேர்கிற மாதிரி செய்திருப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குடமுருட்டி தம்பிக்கு: செட் பக்கத்தில் டியூனர் வைத்தால் செட் நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோளாறு அப்படியே இருக்கும். வேதாரண்யத்துக்குப் போக வேண்டிய பவர் வண்டிக்குள்ளேயே சுற்றும். முதலில் எர்த் சரியாகட்டும்.

---

நாகை வயர்மேன்:

நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகுக்கு வயரிங் பார்க்கிறவன். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கனெக்டரைக் கழற்றிப் பாருங்க. வேதாரண்யம் ரோட்டில் ஓடுற வண்டி, உப்புக்காத்து விடாது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால், இல்லை பின்னல் கறுத்திருந்தால், அந்த கேபிளைத் தூக்கிப் போட்டுடுங்க.

இதில் ஏமாந்துபோறவங்க நிறைய. தண்ணி இறங்கின கோஆக்ஸ் பவரைக் குடிச்சிடும். போனதும் குறையும், திரும்பி வர்றதும் குறையும். அப்போ செட் பக்கத்துல இருக்கிற மீட்டர் 1.2 என்று அழகாகக் காட்டும். ஒரு படகில் பார்த்தேன், ஊசி தங்கமாக நின்றது, அரை மைலில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணி. புது கேபிள் போட்டதும் மேலே மூட்டில் ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்க, அதுக்கு மேலே சாதா டேப். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு ஐப்பசிக்குத் தாங்காது.

---

முள்ளியாறு:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மல்டிமீட்டரில் ஒன்றுமே வரவில்லை. கிளாம்ப்பை அசைத்தால் 40, 200 என்று குதிக்கிறது, மறுபடி ஓப்பன். கேரியர் முழுக்க கனமான பெயிண்ட், நாலு காலிலும் ரப்பர் புஷ். எர்த்தே இல்லாமல் மூன்று செ.மீ. வெட்டியிருக்கிறேன்.

கேபிளையும் அறுத்துப் பார்த்தேன். நாகை அண்ணன் சொன்ன அதே பச்சை, மேல் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு.

இப்போது என்ன வரிசையில் செய்வது? கேரியரிலிருந்து பேட்டரிக்கு ஒரு நீள வயர் இழுத்தால் போதுமா?

---

பாமணி:

நீள வயர் போதாது. மல்டிமீட்டருக்கு அது எர்த். 28 மெகாஹெர்ட்ஸுக்கு அது இன்னொரு காயில். எர்த் குட்டையாகவும் பட்டையாகவும் இருக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் போடுகிற பின்னல் எர்த் ஸ்ட்ராப் கிடைக்கும். நாலு வாங்குங்கள். கேரியரின் ஒவ்வொரு காலிலிருந்தும் பக்கத்தில் இருக்கிற கேபின் தகரத்துக்கு ஒரு சாண் நீளத்துக்குள் இணையுங்கள். போல்ட் உட்காருகிற இடத்தை உப்புத்தாளால் வெள்ளித் தகரம் தெரிகிற வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கிளாம்ப்புக்கு அடியிலும் அப்படியே. கேபின் ரப்பர் மவுண்டில்தான் சேசிஸ் மேல் நிற்கிறது, அதற்கும் ஒரு ஸ்ட்ராப். முடிந்தால் ஆண்டெனாவை கேரியரின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துங்கள். சுற்றிலும் தகரம் சமமாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும்.

கேபிள் புதிதாக 50 ஓம் ஆர்ஜி-58 போதும். வண்டிக்கு நாலைந்து மீட்டர்தானே.

இதெல்லாம் முடிந்த பிறகு வண்டியைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கொட்டகைக்குள், சுவர் ஓரமாக, தென்னை மட்டை தொடுகிற இடத்தில் அளக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள், யாரும் வண்டியில் சாய்ந்து நிற்க வேண்டாம். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், அலைவரிசையில் யாரும் இல்லை என்றால் கால் சைன் (லைசென்ஸில் உள்ள உங்கள் அடையாளப் பெயர்) சொல்லி, 5 வாட்டில், இரண்டு மூன்று நொடி மட்டும். 27 பக்கம் உங்கள் ஹாம் செட்டில் அனுப்பக் கூடாது. அதனால் குழி (எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைகிற அலைவரிசை) எங்கே இருக்கிறது என்று பார்க்க யாரிடமாவது நானோ விஎன்ஏ (செட் இல்லாமலே ஆண்டெனாவை அளக்கிற சின்னக் கருவி) இரவல் வாங்குங்கள். அதை மாட்டியிருக்கும்போது மறந்தும் செட்டை அதில் சேர்த்து பட்டனை அழுத்திவிடாதீர்கள், அது செத்துவிடும்.

கணக்கு இதுதான். மேல் அலைவரிசையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் கம்பி நீளம். கீழே ஏறினால் கம்பி குட்டை. உங்கள் கம்பி நாலடி, அடியில் காயில், ஆகவே ஒரு செ.மீ. குறைந்தால் ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். அடியில் அல்லன் கீ போடுகிற குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி கம்பியை உள்ளே இறக்க முடிகிற வரை இறக்குங்கள். இடம் தீர்ந்த பிறகுதான் வெட்டு.

---

முள்ளியாறு:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சம்பா நடவு நேரம், கடையை விட்டு நகர முடியவில்லை.

ஸ்ட்ராப் ஐந்து போட்டேன். டிங்கர் கடைத் தம்பி கூட நின்று தேய்த்தான். இப்போது மவுண்டிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் மல்டிமீட்டர் அசையாமல் நிற்கிறது. புது கேபிள், ரப்பர் டேப், நடுவில் மவுண்ட்.

விஎன்ஏ வைத்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்டிய மூன்று செ.மீ.யோடு குழி 27.5-ல் அழகாக வி மாதிரி விழுந்தது. கேபிளைப் பிடித்தேன், அசையவே இல்லை! முதலில் கம்பியை இரண்டு செ.மீ. உள்ளே இறக்கினேன், 27.7. அதற்கு மேல் இறங்கவில்லை. பிறகு ஒவ்வொரு செ.மீ.யாக ஐந்து தடவை வெட்டினேன், 28.2 வந்தது. கடைசி இரண்டு செ.மீ.யை அரை அரையாக எடுத்து, முனையை அரத்தால் உருட்டித் தேய்த்து 28.4-ல் நிறுத்திவிட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. குழியின் அடியில் 1.6. அதற்குக் கீழே வரவில்லை. எர்த் போடுவதற்கு முன் இதே வண்டியில் வேறொருவர் தன் விப்பை வைத்து 1.2 காட்டினார். என்னுடையதில் இன்னும் ஏதோ குறை இருக்கிறதா?

---

பாமணி:

குறை இல்லை தம்பி. உங்கள் எர்த் நன்றாக இருப்பதால்தான் 1.6.

கால் அலை நீளத்துக்கு முழுக் கம்பி, 28.5-க்கு இரண்டரை மீட்டர், நல்ல தகரத்தின் மேல் நின்றால் அதன் எதிர்ப்பு 36 ஓம் பக்கம் இருக்கும். 50-ஐ 36-ஆல் வகுங்கள், 1.4 வரும். உங்களுடையது குட்டைக் கம்பி, இன்னும் குறைவு. மோசமான எர்த்தின் எதிர்ப்பு அதோடு சேர்ந்துகொண்டால் மொத்தம் 50 ஆகி மீட்டர் 1.1, 1.2 என்று காட்டும். அந்தச் சேர்ந்த ஓம்ஸில் போகிற பவர் வானத்துக்குப் போவதில்லை, சூடாகப் போகிறது. டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டுகிற வெறும் ரெசிஸ்டர்) 1-க்கு 1 காட்டும், தெரு முனைக்குக்கூடக் கேட்காது.

1.6-ல் திரும்பி வருவது நூற்றுக்கு ஐந்து பங்கு. மருமகன் காதுக்கு அது தெரியாது. அப்படியே விட்டுவிடுங்கள். குட்டை விப் என்பதால் 28 முதல் 29.7 வரை முழு பேண்டும் வராது. 28.4-ஐச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் தண்ணீர் நிற்கிற காலத்தில் ஒரு தடவை, கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது ஒரு தடவை பேசிப் பார்த்து எழுதுங்கள். செங்குத்து ஆண்டெனாவுக்கு ஈர மண் நல்லது, உவர் ஈரம் இன்னும் நல்லது. உங்கள் பாதை அதற்கென்றே அமைந்திருக்கிறது.

---

முள்ளியாறு:

நேற்று ராத்திரி எட்டரைக்குக் கடை வாசலில் நின்று கூப்பிட்டேன். ரோட்டு வழியாகப் பார்த்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல். "மாமா, அஞ்சு ஏழு, தெளிவா கேக்குது" என்றான். அஞ்சு தெளிவுக்கு, ஏழு சிக்னல் பலத்துக்கு. அம்மாவைக் கூட்டிவந்து வண்டியில் உட்காரவைத்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க சாப்டாச்சான்னு கேளு" என்றார்.

---

நாகை வயர்மேன்:

ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஒன்று மட்டும். பிக்கப் மேல் கேரியர், அதற்கு மேல் மூன்றடிக்குக் குறையாமல் கம்பி. வயல் வரப்பு ஓரமாக கரண்டுக் கம்பி தொய்ந்து கிடக்கிற இடம் நம்ம ஊரில் நிறைய. களத்துக்குள்ளே வண்டியைத் திருப்பும்போது இறங்கி அண்ணாந்து பார்த்துட்டுத் திருப்புங்க. லோடு ஏற்றுற அன்னைக்குக் கம்பியைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்திடுங்க.

---

முள்ளியாறு:

இன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே இறங்கிய அளவு மறக்காமல் இருக்க, திருகு பிடிக்கிற இடத்தில் கம்பியில் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன்.