படுகை என்பது ஆற்றின் எந்தப் பகுதி?

கேள்வி:
படுகை என்னும் சொல் செய்திகளில் மூன்று விதமாக வருகிறது. ‘ஆற்றுப்படுகையில் மணல் அள்ளினர்’ என்னும்போது நீரோடும் தரையையும், ‘படுகையில் வாழை மூழ்கியது’ என்னும்போது கரையோரச் சாகுபடி நிலத்தையும், ‘காவிரிப் படுகை மாவட்டங்கள்’ என்னும்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட பெரும்பரப்பையும் அது குறிக்கிறது. இவற்றுள் எதை முதற்பொருளாகக் கொள்வது? ஆறுகளைப் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றை எழுதிவருவதால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
ஆற்றங்கரை உழவர்களின் வழக்கையே முதற்பொருளாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீர் ஓடும் தடத்துக்கும் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பப்பட்ட கரைக்கும் இடையில், வெள்ளம் ஏறி வடியும்போதெல்லாம் வண்டல் படிந்து உருவாகும் நிலமே அவர்களுக்குப் படுகை. அதில் வாழையும் கரும்பும் காய்கறிகளும் செழித்து வளரும். ஆற்றின் நடுவே மேடாக எழுந்து நிற்பதைத் திட்டு என்பார்கள். கொள்ளிடம் கடலை நெருங்கும் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு என்று ஊர்ப்பெயர்களே இந்த வேறுபாட்டைக் காத்து நிற்கின்றன. மேட்டூர் அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் பெருமளவில் திருப்பப்படும்போது, கரை எங்கும் உடையாமலே இவ்வூர்களுக்குள் நீர் புகுந்துவிடும். ஆகவே ‘படுகையில் வெள்ளம்’ என்பதைக் ‘கரை உடைந்தது’ என்று புரிந்துகொள்வது பெரும்பிழை. அந்த நிலம் ஆற்றுக்கு உள்ளேயே இருக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மூன்றாவது பொருளையும் தள்ளிவிட முடியாது. நிலவியலில் காவிரிப் படுகை என்பது கடலுக்கு அடியிலும் தொடர்கிற, படிவுப்பாறைகள் அடுக்கடுக்காக நிறைந்த பெரும்பள்ளம். எண்ணெய், எரிவாயு ஆய்வுகள் பற்றிய செய்திகளில் வருவது இதுவே. ஆறும் துணையாறுகளும் நீர் திரட்டும் மொத்தப் பரப்பை வடிநிலம் என்பது தெளிவு தரும்; காவிரியின் வடிநிலம் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றில் 81,155 சதுர கிலோமீட்டர் விரிந்தது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் சமவெளியை டெல்டா என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டதும் அந்தப் பகுதிதான். அதையும் படுகை என்றே எழுதினால், மாணவர் வடிநிலத்தையும் டெல்டாவையும் ஒன்றெனக் கொள்ள நேரும்.

மறுமொழி 3:
மணல் அள்ளும் இடத்துக்கு ஆற்றுத்தரை என்றே எழுதலாம். ஆற்றின் நடுவே அமைந்த நிலத்துக்குத் துருத்தி என்னும் பழஞ்சொல்லும் உண்டு. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி.

கேட்டவர்:
மிக்க நன்றி. குறிப்பில் படுகையைக் கரைக்கு உட்பட்ட சாகுபடி நிலத்துக்கு மட்டும் ஆள்கிறேன். நிலவியல் பொருளை அடிக்குறிப்பில் தனியே விளக்கிவிடுகிறேன்.