மறுமொழி: டைகர் மாத் – புலி அந்துப்பூச்சியா, புலிவிட்டிலா?

அன்பின் குழுவினருக்கு,

டைகர் மாத் என்ற பூச்சி வகைக்கும், அதில் ஆம்ஃபிகாலியா பெல்லாட்ரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க இனத்துக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் கீழே.

> ‘புலி அந்துப்பூச்சி’ போதாதா? ஆம்ஃபிகாலியா பெல்லாட்ரிக்ஸை ‘அழகுப் புலி அந்துப்பூச்சி’ என்று எழுதிவிடலாமே.

புலியோடு எனக்குச் சண்டையில்லை, அந்துதான் இடிக்கிறது. அந்து நெல்லுக்குள் இருப்பது. பழைய மூட்டையை உதறினால் சாம்பல் தூளாகக் கிளம்புமே, அது. கிழக்கு, தென் ஆப்பிரிக்காவில் வாழும் இந்த இனமோ, ஆரஞ்சுமஞ்சள் இறக்கையில் கருங்கரை கட்டிய நீலச்சாம்பல் பட்டைகளோடு இருக்கும். இதைப் போய் அந்து என்பதா? விளக்கைத் தேடி வருவதை விட்டில் என்கிறோம். சில ஊர்களில் வெட்டுக்கிளிக்கும் அப்பெயர் உண்டு என்பது தெரியும். ‘புலி’ முன்னே நின்றால் குழப்பம் வராது. புலிவிட்டில் என்பதே என் பரிந்துரை.

> வேங்கைவிட்டில் இன்னும் அழகு. மஞ்சளும் கருப்பும் அதிலேயே இருக்கின்றன.

அழகுதான், நானும் மயங்கினேன். ஆனால் முருங்கைக் கம்பளிப்புழு முருங்கையைத் தின்பது. அந்த வழக்கப்படி வேங்கைவிட்டில் என்றதும் விவசாயி வேங்கை மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

இனப்பெயரில் ‘அழகு’ வேண்டாம். ஆங்கிலத்தில் ‘பியூட்டிஃபுல் டைகர்’ என்கிறார்கள், உண்மை. ஆனால் 1823இல் ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் டால்மன் இட்ட ‘பெல்லாட்ரிக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குப் போர் புரிபவள் என்று பொருள். ‘பெல்லா’ என்று தொடங்குவதைப் பார்த்து யாரோ அழகி என்று எண்ணிவிட்டார்களோ என்று எனக்கு ஓர் ஐயம். கொற்றவை என்று ஒருவர் எழுதியிருந்தார். இது தெய்வப் பெயரல்லவே. மறமகள் புலிவிட்டில் என்றால் பொருந்தும்.

இதன் புழு தின்பது கிலுகிலுப்பைச் செடி. காய்ந்த காயை ஆட்டினால் விதை உள்ளே கலகலக்கும், அதே கிலுகிலுப்பை இனம்தான். செடியின் பைரோலிசிடின் ஆல்கலாய்டு நஞ்சைப் புழு உடலில் சேர்த்து வைக்க, அது விட்டிலுக்கும் போய்ச் சேர்கிறது. பளிச்சென்ற அந்தப் பட்டைகள் பறவைக்கு ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் எச்சரிக்கை. ‘கிலுகிலுப்பைப் புலிவிட்டில்’ என்று வைக்கவும் ஆசைதான். ஆனால் நம் ஊரிலும் உள்ள யுடெதீசா என்ற புலிவிட்டில்களின் புழுவும் அதையே தின்கிறது. அவற்றுக்காக அந்தப் பெயரை எடுத்து வைப்போம்.

> டைகர் மாத்களின் துணைக்குடும்பம் ஆர்க்டியினே. கிரேக்க வேர் ‘கரடி’ ஆயிற்றே?

புழுவின் அடர்ந்த மயிரைப் பார்த்து வைத்த பெயர் அது. அதற்கு நம்மிடம் கம்பளிப்புழு இருக்கிறது, கரடியை இழுக்க வேண்டாம். மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவும் இதே துணைக்குடும்பம்தான். கோடைமழை பெய்ததும் கூட்டுப்புழுவிலிருந்து அதன் விட்டில்கள் வெளிவரும். அவற்றைப் பிடிக்க வயலில் விளக்குப்பொறி வைப்பார்கள், தீ மூட்டுவார்கள். அந்த வயலில் நின்று யாரும் அந்து என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தத் துணைக்குடும்பம் அடங்கிய எரெபிடே குடும்பத்துக்கு இன்னும் சொல் சிக்கவில்லை. தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்